கொலுப் படியும் கைவேலையும்
(நவராத்திரி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



கொலுப் படியை அழகுறச் செய்பவை கடையில் வாங்கிய பொம்மைகள் மட்டுமல்ல. அலுவலும் சமையலும் முடிந்தபின், இரவில் பொழுதுபோக்காகக் கைவேலை செய்யும் தாய்மார்கள் பலர் உளர். மரப்பாச்சித் தம்பதியருக்குப் பட்டில் ஆடை தைப்பதும், குரோஷா ஊசியால் மேலாடை பின்னுவதும் அவர்தம் தொடக்கப் பாடம். செம்மரத்தாலான அப்பாவைகள் தாய்வீட்டுச் சீராக வருபவை. ஆடை மட்டும் ஆண்டுதோறும் புதிது.

அடுத்தது காகிதக் கூழ். பழைய நாளிதழைக் கிழித்து இரவு முழுதும் ஊறவைத்துப் பிழிந்து, ஊறிய வெந்தயத்துடன் அரைத்தல் வேண்டும். வெந்தயமே பசையாகும். கூழை அச்சின் இரு பாதிகளிலும் அழுத்தி, உலர்ந்தபின் ஒட்டி, சுண்ணப்பொடி பூசித் தேய்த்து வண்ணம் தீட்டுவர். கண் எழுதுவது கடைசியில்தான்.

கேட்பதற்கு எளிது! ஆனால் இந்நாட்டு ஈரக்காற்று பெரும் பகை. தஞ்சை வெயிலில் விரைந்து உலர்வது இங்கே நாள்கணக்கில் ஈரம் காக்கும். மேற்புறம் காய்ந்ததென எண்ணி அவசரமாக வண்ணம் பூசினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். ஒரு மாத உழைப்பு குப்பைக்குப் போகும். மின்விசிறியடியில் திருப்பித் திருப்பி வைக்கும் பொறுமையுடையார்க்கே பொம்மை கைகூடும்.

பாட்டி கூழ் அழுத்தக் காணாத பிள்ளைக்கு அச்சும் வெறும் கல்லே. விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் பெட்டியில் அடுக்கும்போது, உடைந்தவற்றைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் இல்லங்கள் சில உண்டு. விரல் முறிந்த பாவைக்குக் கூழால் விரல் செய்து ஒட்டுவதே அங்கு அவர்களின் முதல் வேலை.