முதலிடம் எதன்மேல் நிற்கிறது?

புக்கிட் பாத்தோக்கில் எம்ஆர்டி ஏறினால் அடுத்த நிலையம் ஜூரோங் ஈஸ்ட். அங்குள்ள பன்னாட்டு வர்த்தகப் பூங்காவில் தலைமையகம் அமைத்த கிரியேட்டிவ் டெக்னாலஜியின் கதை, தொழில்நுட்பப் பங்குகளில் நீண்டகாலத்துக்குப் பணம் போட நினைப்போருக்கு நல்ல பாடம்.

சிம் வோங் ஹூ நண்பருடன் சேர்ந்து 1981ல் பேர்ல்ஸ் சென்டரில் தொடங்கிய சிறு கணினிக் கடை அது. 1989ல் வந்த 'சவுண்ட் பிளாஸ்டர்' கார்டு கணினியைப் பேசவும் பாடவும் வைத்தது. கணினி விளையாட்டுகள் அந்த கார்டுக்கென்றே எழுதப்பட்டன. போட்டியாளர்கள்கூடத் தங்கள் பெட்டியில் "சவுண்ட் பிளாஸ்டருக்கு ஒத்தது" என்று அச்சிட்டார்கள். 1992ல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் நுழைந்த முதல் சிங்கப்பூர் நிறுவனமும் இதுவே. அந்தப் பங்கைப் பிள்ளையின் பல்கலைக்கழகப் படிப்புக்கென வாங்கி வைத்தவரைக் குறைசொல்ல முடியுமா?

அதை எந்தப் போட்டியாளரும் வீழ்த்தவில்லை. 1995ல் மைக்ரோசாஃப்ட்டின் டைரக்ட்எக்ஸ் வந்தபின், விளையாட்டுகள் விண்டோசிடம் பேசினால் போதும். கார்டு யாருடையதாகவும் இருக்கலாம். 1997ல் இன்டெல் வகுத்த ஏசி'97 தரம், ஒலி வசதியை மதர்போர்டிலேயே மலிவாகப் பொருத்த வழிசெய்தது. தனியாகக் காசு கொடுத்து வாங்கிய பொருள் கணினியோடு சேர்ந்தே வரத் தொடங்கியது. இதற்கிடையில் நொடித்துப்போன போட்டி நிறுவனம் ஒரியலின் சொத்துகளை 2000ல் கிரியேட்டிவ் வாங்கியது. சந்தைப் பங்கை மட்டும் பார்த்தவருக்கு அது வெற்றிச் செய்தி!

இசைக் கருவியிலும் அப்படித்தான். கிரியேட்டிவின் நோமாட் ஜூக்பாக்ஸ் வந்தது 2000ல். ஆப்பிளின் ஐபாட் வந்தது 2001ல். காப்புரிமைத் தகராறைத் தீர்க்க 2006ல் ஆப்பிள் 100 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்தது. பணம் வந்தது, வாடிக்கையாளர்கள் வரவில்லை. மறு ஆண்டே நாஸ்டாக்கிலிருந்து கிரியேட்டிவ் விலகிக்கொண்டது.

இன்று பலர் கேட்பது என்விடியாவைப் பற்றி. அதன் மென்பொருளுக்கு நிரலாளர்கள் பழகிப்போனது பெரிய பலம்தான். ஆனால் அதன் சில்லுகளை வாங்கும் கூகலும் அமேசானும் சொந்தச் சில்லுகளையும் வடிவமைக்கின்றன. ஆகவே போட்டியாளரைவிட வாடிக்கையாளரைக் கவனிப்பது முக்கியம்.

மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கில் கிடப்பதற்கே ஆண்டுக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு வட்டி உண்டு. அதை எடுத்துப் பங்கு வாங்குமுன், நிறுவனத்தின் ஐந்தாண்டு அறிக்கைகளை அருகருகே வைத்து மொத்த லாப விகிதத்தைப் பாருங்கள். விற்பனை ஏறும்போதே அந்த விகிதம் ஆண்டுக்காண்டு இறங்கினால், முதலிடத்தைக் காப்பாற்ற நிறுவனம் விலையைக் குறைத்துக்கொண்டிருக்கக்கூடும்.