சோறு எப்படி மாட்டைக் கொல்லும்?

(அறிவியல் ஆசிரியர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



நான் திருநீர்மலையில் அறிவியல் ஆசிரியை. ஓராண்டு பள்ளியில் சமத்துவப் பொங்கல் வைத்தோம். ஒரு பெரிய பாத்திரம் நிறைய மிஞ்சியது. "வீணாக்காதீர்கள், மாட்டுக்குப் போடுங்கள்" என்று சொன்னவள் நான்தான். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைத் தன் வீட்டுப் பசுவுக்குக் கொண்டுபோனாள். மறுநாள் பசு படுத்துவிட்டது. மூன்றாம் நாள் இறந்தது. விடுமுறை முடிந்து வந்தவள் கேட்டாள்: "நாம சாப்பிடற பொங்கல்தானே டீச்சர், அது எப்படி மாட்டைக் கொல்லும்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் பதில் நாம் நடத்தும் பாடத்திலேயே இருக்கிறது: பரவல், சவ்வூடு பரவல், செயல்மிகு கடத்தல்.

மாட்டின் முதல் இரைப்பையில் நுண்ணுயிரிகள் வைக்கோலை மெதுவாக நொதிக்கச் செய்து கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. மாட்டுக்குப் பெரும்பகுதி ஆற்றல் இவற்றிலிருந்துதான் கிடைக்கிறது. அமிலம் இரைப்பைச் சுவரைக் கடந்து இரத்தத்துக்குப் போகும்போது, மாற்றாகப் பைகார்பனேட் அயனி உள்ளே வருகிறது. அசைபோடும்போது ஊறும் உமிழ்நீரும் சோடியத்தையும் பைகார்பனேட்டையும் கொண்டுவருகிறது. பெரிய பசுவுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேலும் உமிழ்நீர் சுரக்கும். அந்தச் சோடியம் வீணாகக் கூடாது. சுவரின் செல்களில் உள்ள சோடியம் பம்பு, ஏ.டி.பி. ஆற்றலைச் செலவிட்டு, 3 சோடியம் அயனிகளை இரத்தப் பக்கம் தள்ளி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. இப்படித்தான் இரைப்பையின் பி.ஹெச். 6-க்கும் 7-க்கும் இடையில் நிற்கிறது.

பொங்கலில் உள்ள மாவுச்சத்தும் வெல்லமும் சில மணி நேரத்தில் நொதித்துவிடும். மென்று அசைபோட நார் இல்லாததால் உமிழ்நீரும் குறையும். பி.ஹெச். 5.5-க்குக் கீழே இறங்கி, லாக்டிக் அமிலம் பெருகும், சுவர் புண்ணாகும். இரைப்பையில் செறிவு கூடுவதால் சவ்வூடு பரவல் மூலம் இரத்தத்திலுள்ள நீர் இரைப்பைக்குள் இழுக்கப்படும். வயிறு நிறைய நீர் இருந்தும் மாடு நீரிழப்பால் சாகும்.

தீவனத்தைச் சில வாரங்களில் சிறிது சிறிதாக மாற்றினால் சுவரின் விரல் போன்ற நீட்சிகள் வளர்ந்து, கடத்தும் திறன் கூடும். ஒரே நாளில் கொட்டினால் அதற்கு அவகாசமே இல்லை.

இப்போது வகுப்பில் எலுமிச்சைச் சாற்றில் நீல லிட்மஸ் தாளை நனைக்கிறோம், சிவக்கிறது. சாற்றில் ஆப்பச்சோடாவைப் போதிய அளவு கலந்து மீண்டும் நனைத்தால் நீலமாகிறது. "மாட்டின் உமிழ்நீர் செய்யும் வேலை இதுதான்" என்கிறேன்.

பொங்கலுக்கு முன்பே இந்தப் பாடத்தை நடத்திவிடுங்கள். மாடு அதிகமாகச் சோறு தின்றுவிட்டது தெரிந்தால், படுக்கும்வரை காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரை அழைக்கச் சொல்லுங்கள். அந்த மாணவிக்கு நான் தாமதமாகச் சொன்ன பதில் இது.