தலையிடியும் மின்சாரமும்

தலையிடி என்றதும் மாத்திரையையே மனம் நாடுகின்றது. ஆயினும், நோவு நீக்கும் மாத்திரைகளை மாதத்திற் பல நாட்கள் உட்கொண்டுவந்தால், அவையே புதியதொரு தலையிடிக்குக் காரணமாகிவிடும். மருந்தே நோயாகும் இந்நிலையில், நரம்பை மின்னால் தூண்டும் சிகிச்சை கவனத்திற்குரியதாகின்றது.

இவ்வெண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. கி. பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம வைத்தியர் சிக்கிரிபோனியசு இலார்கசு, தீராத் தலையிடிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனை நோவுள்ள இடத்தில் வைக்குமாறும், அவ்விடம் மரத்ததும் எடுத்துவிடுமாறும் எழுதிவைத்தார். 1965ஆம் ஆண்டில் மெல்சாக், உவால் என்னும் அறிஞர் இருவர், நோவுச் செய்தி முண்ணாணில் ஒரு வாயிலைக் கடந்தே மூளையை அடைகின்றது என்றும், தொடுகை முதலிய உணர்ச்சிகள் அவ்வாயிலை ஓரளவு அடைக்கும் என்றும் கூறினர். அடிபட்ட இடத்தைக் கை தானாகவே தடவிவிடுவதை இக்கொள்கை விளக்குகின்றது.

இக்காலக் கருவிகளுள் ஒன்று நெற்றியில் ஒட்டப்படுவது. அது புருவத்திற்கு மேலுள்ள நரம்பைத் தூண்டும். பெல்சியத்தில் 67 நோயாளரிடம் நடத்தப்பெற்று 2013இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் 20 நிமிடம் வீதம் மூன்று மாதம் அதனை அணிந்தோருள் 38 சதவீதத்தினருக்கு ஒற்றைத் தலையிடி நாட்கள் பாதியளவேனும் குறைந்தன. போலிக் கருவி அணிந்தோருள் 12 சதவீதத்தினரே அப்பயனைப் பெற்றனர். ஆயினும், மின்னோட்டத்தின் சுறுசுறுப்பைத் தோல் உணர்வதால், தாம் அணிந்தது மெய்க்கருவியா போலியா என்று நோயாளர் ஊகித்தல் கூடும். இத்தகைய ஆய்வுகள் யாவற்றுக்கும் இஃதொரு தடையாகும்.

மூளைக்குள்ளேயே மின்வாயைப் பதிப்பது பிறிதொரு முறை. ஒரு கண்ணைச் சுற்றிக் கொடிய நோவாகத் தாக்குவது கொத்துத் தலையிடி. எம்மருந்துக்கும் தணியாத அந்நோய் கொண்ட ஒருவருக்கு, 2000ஆம் ஆண்டில் மிலான் நகர வைத்தியர் ஐப்போதலமசுப் பகுதியில் மின்வாய் பதித்தனர், நோவு அடங்கியது. பின்னர் பெல்சியத்தில் ஒரு நோயாளி, இச்சத்திரசிகிச்சையை அடுத்து மூளையில் இரத்தம் பெருகி இறந்தார். 2010இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், மின்னோட்டம் இருந்த மாதத்திற்கும் இல்லாத மாதத்திற்கும் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, இது பிற வழியெல்லாம் அடைபட்டோர்க்கே உரியது.

நெற்றிக் கருவியால் வருந் தீங்கு சிறிது. பயனும் எல்லார்க்கும் கிட்டுவதன்று. இதயத்தில் மின்கருவி பதிக்கப்பட்டோர் வைத்தியரைக் கேளாது அதனை அணிதல் ஆகாது. திடீரெனத் தோன்றும் கடுந் தலையிடியும், காய்ச்சலோ கைகால் சோர்வோ உடன்வரும் தலையிடியும் கருவிக்குரியன அல்ல. அவை உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியவை.