கப்பலேறச் சொல்லுமுன்



பல முகாம்களிலிருந்தும் வந்து கூடியிருக்கும் உங்களிடம் எனக்கு முன்னே பேசிய அன்பர், ஈழத்து மண்ணும் பனையும் உங்களை அழைக்கின்றன என்றும், போர் ஓய்ந்து இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னரும் வாலிபர்கள் இந்திய முகாம்களில் காலங்கழிப்பது இனத்துக்கே நஷ்டம் என்றும், ஆகையால் ஒவ்வொருவரும் தாமாகவே முன்வந்து பெயர் கொடுத்துக் கப்பலேற வேண்டும் என்றும் உணர்ச்சி ததும்பப் பிரசங்கம் செய்தார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், ஏனெனில் அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. மற்றப் பாதியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவே எழுந்திருக்கிறேன்.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். மன்னாரிலோ முல்லைத்தீவிலோ வலிகாமத்திலோ பாட்டனார் பெயரில் காணி உறுதி உள்ள குடும்பம், அந்த உறுதியைப் பாலிதீன் உறையில் சுற்றித் தகரப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு, பத்துக்குப் பத்தடி அறையில் மூன்றாம் தலைமுறையையும் வளர்த்துக்கொண்டிருப்பதில் எவ்விதப் பெருமையும் இல்லை. ஆளில்லாத காணிக்கு வேலி நகர்வது எந்தத் தேசத்திலும் வழக்கந்தான். மேலும், இலங்கைப் பிரஜைகளுக்கு அயல்நாட்டில் பிறந்த பிள்ளை, சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்துகொண்டால், வம்சாவளியால் அந்நாட்டுப் பிரஜையாகலாம். வாக்குச் சீட்டும் கடவுச்சீட்டும் அரசாங்க உத்தியோகமும் அங்கே அவனுக்கு உரியவை. இங்கே இவற்றுள் ஒன்றுமே அவனுக்கு இல்லை. ஆகவே, போக விரும்புகிறவன் போகட்டும்; அவனை வழியனுப்ப நானும் வருவேன்.

ஆனால் அவன் விரும்பித்தான் போகிறானா என்பதல்லவா கேள்வி?

1983 ஜூலைக் கலவரத்தில் வீடு எரிந்து, தலைமன்னாரிலும் பேசாலையிலும் இரவோடிரவாகப் படகேறித் தனுஷ்கோடி மணலில் இறங்கியவர்களைத் தொடர்ந்து, பின்வந்த முப்பதாண்டுகளில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியா வந்தனர். இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருக்கின்றனர். இந்தக் கூட்டத்தில் என் முன்னே அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கடலைத் தாண்டியவர்களே அல்லர்; மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் பவானிசாகரிலும் கொட்டப்பட்டிலும் பிறந்து, தமிழ்நாட்டுப் பாடப் புத்தகத்தைப் படித்து, இங்கேயே பட்டம் பெற்றவர்கள். இவர்களை அரசாங்கத்தின் கோப்புகள் எந்தக் கட்டத்தில் எழுதி வைத்திருக்கின்றன? சட்டவிரோதக் குடியேறிகள் என்ற கட்டத்தில்! செல்லத்தக்க கடவுச்சீட்டின்றி நுழைந்தவர் எவரும் பதிவின் மூலமாகவோ இயல்புரிமை மூலமாகவோ பிரஜையாக முடியாதென்று இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 2003ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. வீடு பற்றியெரிந்த அந்த ஜூலை இரவில் கடவுச்சீட்டு வழங்கும் எந்த அலுவலகம் திறந்திருந்ததென்று, அத்திருத்தத்தை எழுதிய புண்ணியவான்கள் நமக்குச் சொல்லவில்லை.

இன்னொரு விசித்திரத்தையும் கேளுங்கள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், தாம் பிறப்பாலேயே இந்தியப் பிரஜை என்று வாதாடி, மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் 2022இல் தமக்குச் சாதகமாக உத்தரவு பெற்று, 2024 பொதுத்தேர்தலில் வாக்கும் அளித்தார். 1987 ஜூலை முதல் தேதி தொடங்கி அதே முகாமில் பிறந்தவனுக்கோ, பெற்றோரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருந்தாலன்றி, அந்த வாதமே கிடையாது. மண் ஒன்று, மருத்துவச்சி ஒருத்தி. ஆனால் காலண்டரில் ஒரு தாள் கிழிந்ததில் அக்காள் பிரஜையாகவும் தம்பி அந்நியனாகவும் ஆகிவிடுகிறார்கள்.

பொறியியல் படித்த ஒரு தம்பி, நேர்காணலில் தேறி, கம்பெனிக்காரர்கள் கைகுலுக்கிய பிறகு, கடவுச்சீட்டின் நகல் கேட்கப்பட்டு, முகாம் அடையாள அட்டையை எடுத்து நீட்டி, பிறகு சொல்லியனுப்புகிறோம் என்ற விடையுடன் திரும்பி வந்ததை நான் அறிவேன். இன்று அவர் தந்தையாரோடு பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறார். அதிலும் வெளியூரில் வேலையென்றால், முகாமில் தலையெண்ணும் நாளுக்குள் வந்து நிற்கவேண்டும். வராவிட்டால் அரசு தரும் பணக்கொடைக்கு ஆபத்து, பதிவேட்டில் பெயருக்கே ஆபத்து. மருத்துவம் படிக்க ஆசைப்பட்ட தங்கையரின் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. இப்படி ஒவ்வொரு கதவாகச் சாத்திவிட்டு, எஞ்சிய ஒரே கதவு வழியாக அந்தப் பையன் வெளியேறும்போது, அவன் சுயேச்சையாகவே தீர்மானித்தான் என்று குறிப்பெழுதுவது, விருந்தாளிக்குச் சோறு போடாமலிருந்துவிட்டு அவர் தாமாகவே புறப்பட்டார் என்று ஊரில் சொல்லிக்கொள்வதை ஒக்கும்.

இது புதிய வழக்கமும் அன்று. 1991இல் ராஜீவ் காந்தி படுகொலையான பிற்பாடு, 1992 ஜனவரியில் அகதிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். அப்போதும் எல்லாரும் சம்மதித்தே செல்கிறார்கள் என்றுதான் அரசாங்கம் அறிவித்தது. அந்தச் சம்மதம் மெய்தானா என்ற கேள்வி உலகெங்கும் எழுந்த பின்னரே, விரும்பித்தான் போகிறார்களா என்று பிரயாணிகளைக் கேட்டறிய ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையத்துக்குச் சென்னையில் இடமளித்தார்கள்.

இந்த முகாம்களிலேயே இருக்கும் மலையக வம்சத்தாரின் கதை இதனினும் கசப்பானது. இவர்களுடைய முன்னோர்கள் இங்கிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகுமுன் நோய்த்தடுப்புக்காக அடைத்து வைக்கப்பட்டதும் இதே மண்டபம் முகாமில்தான். 1948இல் இலங்கைச் சட்டம் இவர்களை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியாரும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அதன்படி இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தும் தாள் கிடைக்குமுன்னரே கலவரத்தில் ஓடி வந்தவர்களை, இன்று அதே இந்தியா, உங்கள் நாட்டுக்குப் போங்கள் என்கிறது. எந்த நாட்டுக்கு? இரண்டு சர்க்கார்கள் ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிட்ட ஜனங்களிடம் தாயகப் பாசத்தைப் பற்றிப் பேசுவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்!

சரி, போகிறவரை அங்கே எப்படி வரவேற்கிறார்கள்? 2025இல், அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டிலேயே திரும்பிய முதியவர் ஒருவரை, பலாலி விமான நிலையத்தில் இறங்கியதும் பிடித்துக்கொண்டார்கள். பல்லாண்டுகளுக்கு முன் அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போனாராம், அதுதான் குற்றம். பலாலியைச் சூழ்ந்த காணிகளில் ஒரு பகுதி இன்னும் இராணுவத்தின் வசமே இருக்கிறது. டில்லியைக் கேட்டால், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்தவர்களைத் தண்டனையிலிருந்து விலக்கி 2025 செப்டம்பரில் உத்தரவிட்டிருக்கிறோமே என்பார்கள். அந்த உத்தரவு வரவேற்கத்தக்கதே, மறுக்கவில்லை. ஆனால் தண்டிக்கமாட்டோம் என்பதற்கும் பிரஜையாக்குகிறோம் என்பதற்கும் இடையே ஒரு பாக் ஜலசந்தியே கிடக்கிறது.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான்: இங்கே இருப்பதற்குச் சட்டபூர்வமான உரிமையை முதலில் கொடுங்கள், பிறகு, போகலாமே என்று புத்தி சொல்லுங்கள். உரிமை கையிலிருக்கும்போதும் காணியையும் உறவையும் நாடிப் போகிறவர்கள் கணிசமாகவே இருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். அவர்களுக்கு விமானச் சீட்டோடு, நாற்பதாண்டுச் சாமான்களை ஏற்றிச் செல்லக் கப்பலும் கொடுங்கள். பழைய பிரயாணத்துக்காக வழக்குத் தொடுப்பதில்லை என்று கொழும்பிலிருந்து எழுத்து மூலமாக வாங்கிக் கொடுங்கள்.

தம்பிமார்களே, போவதோ இருப்பதோ உங்கள் முடிவு. எதுவாயினும், பிறப்புச் சான்றிதழில் பெயரும் பெற்றோர் பெயரும் முகாம் பதிவேட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள். ஓர் எழுத்துப் பிழைக்காக வருஷக் கணக்கில் அலைகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். ஈழத்து வம்சத்தார் தூதரகப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். பதிந்த மாத்திரத்தில் எவரும் உங்களைக் கப்பலில் ஏற்றிவிட முடியாது. மலையக வம்சத்தார் மட்டும், பாட்டனாரின் ஒப்பந்தகாலத் தாள்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பின்னரே எந்தப் படிவத்திலும் ஒப்பமிடுங்கள்.

நான் சொன்ன கோரிக்கைகளை டில்லிக்கும் கொழும்புக்குமாக இரண்டு மனுக்களாக எழுதி, வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறோம். உங்களைக் கப்பலேறச் சொன்ன அன்பர் முன்வரிசையில்தான் வீற்றிருக்கிறார். இரண்டிலும் முதல் கையெழுத்து அவருடையதாகவே இருக்கட்டும். பேனா என்னிடம் இருக்கிறது.