சேப்பாக்கத்தில் இல்லாத முரளி

விளையாட்டும் அரசியலும் ஒன்றையொன்று தொடாமல் இருந்த காலம் என்று ஒன்றைக் காட்டுவது கடினம். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாபிரிக்காவை 1970 முதல் 1991 வரை சர்வதேச கிரிக்கெட் ஒதுக்கி வைத்தது. அது அரசியல்தான், நியாயமான அரசியல். கறுப்பினத்தவருக்கு நாட்டின் அணியில் இடமே தராத தேசம் அது. 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதல் டெஸ்ட் போட்டிக்குத் தலைமை தாங்கிய பந்துல வர்ணபுர, அதே ஆண்டு ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கி அந்த நாட்டுக்கு ஆடப் போனார். போனவர்களுக்கு இலங்கைக் கிரிக்கெட் சபை 25 ஆண்டுத் தடை விதித்தது. தெரிந்தே போனவர்கள், தெரிந்தே தண்டனை வாங்கினார்கள். எல்லா நேரமும் கணக்கு இவ்வளவு நேராக வருவதில்லை.

1996 ஜனவரி 31 அன்று கொழும்பு மத்திய வங்கியில் விடுதலைப் புலிகள் நடத்திய குண்டுத் தாக்குதலில் தொண்ணூறு பேர் வரை இறந்தார்கள். இரண்டே வாரத்தில் உலகக் கிண்ணம். அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்தன. பயந்தவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பெப்ரவரி 13 அன்று, அசாருதீன் தலைமையில் இந்தியரும் பாகிஸ்தானியரும் ஒரே அணியாகப் பிரேமதாச மைதானத்தில் இறங்கினார்கள். வசீம் அக்ரம் பந்து வீசினார்; களுவிதாரண அடித்த பந்தை டெண்டுல்கர் பிடித்தார். புள்ளி அட்டையில் ஒரே வரியில் அந்த இரண்டு பெயர்கள். மேடை போட்டு நூறு தலைவர்கள் பேசினாலும் அந்த வரிக்கு ஈடாகாது. மார்ச் 17 அன்று லாகூரில் இலங்கை கிண்ணத்தை வென்றபோது எதிரே நின்றது, வர மறுத்த அதே அவுஸ்திரேலியா.

கிண்ணம் வென்ற அணியில் இருந்த முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920இல் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பிறகு அவர் திருச்சிக்கே திரும்பினார். மகன்மார் இங்கே தங்கிவிட்டார்கள். தோட்டத் தமிழரை இரு நாடுகளுக்கும் பங்கிட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பின் பாதி உறவு அக்கரையிலும் பாதி உறவு இக்கரையிலுமாகிப் போன பூனாகலைத் தோட்ட லயங்களில் இந்தக் கதையை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

முரளியை அரசியல் இரண்டு முறை பிடித்தது. 2004இல் அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹோவார்டே அவர் பந்தை விதிக்கு மாறாக எறிகிறார் என்று வெளிப்படையாகச் சொன்னார். நடுவர் பார்க்க வேண்டியதைப் பிரதமர் பார்த்தார். முரளி அந்த ஆண்டு அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்குப் போகவில்லை.

இரண்டாவது அடி தமிழ்நாட்டிலிருந்து வந்தது. 2013 மார்ச்சில் அங்கே மாணவர்கள் வீதிக்கு இறங்கியிருந்தார்கள். இறுதிப் போரில் கொல்லப்பட்ட, புலிகளின் தலைவரின் மகனான சிறுவன் பாலச்சந்திரனின் படங்கள் வெளியாகியிருந்த நேரம். அந்தக் கோபத்தைப் பொய் என்று யாராலும் சொல்ல முடியாது. இலங்கை வீரர், நடுவர், அதிகாரி எவரும் சென்னை ஐ.பி.எல். போட்டிகளில் இருக்கக்கூடாது என்று முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மார்ச் 26 அன்று ஐ.பி.எல். நிர்வாகமும் இணங்கியது. முரளி அப்போது பெங்களூர் அணியில். ஏப்ரல் 13, சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள், சேப்பாக்கம் மைதானத்தில் சென்னையும் பெங்களூரும் மோதின. கடைசிப் பந்தில் ஜடேஜா பிடி கொடுத்தார், ஆனால் ஆர்.பி. சிங் வீசியது நோ போல். சென்னை வென்றது. எறிகிறார் என்ற குற்றச்சாட்டால் நோ போல் என்ற சொல்லோடு உலகமே சேர்த்துப் பேசிய முரளி அன்று அந்த மைதானத்தில் ஆட முடியாதவராக இருந்தார். இலங்கையின் குடிசன மதிப்பீட்டுப் படிவம் ‘இந்தியத் தமிழர்’ என்று எழுதிவந்த சமூகத்தில் பிறந்தவரை, இந்தியாவின் தமிழ்நாடு ‘இலங்கையர்’ என்று நிறுத்தியது. போரை நடத்திய எவருக்கும் இதனால் ஒரு கீறல்கூட விழவில்லை.

வெளியிலிருந்து வரும் அரசியல் ஒரு பக்கம் இருக்க, வீட்டுக்குள்ளேயே இருப்பது இன்னொன்று. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டப்படி, தேசிய அணி வெளிநாடு போவதற்கே அமைச்சரின் அனுமதி தேவை. 2023 நவம்பர் 2 அன்று மும்பையில் இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டதும், விளையாட்டுத்துறை அமைச்சர் ரொஷான் ரணசிங்க கிரிக்கெட் சபையைக் கலைத்து, அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழு ஒன்றை நியமித்தார். நவம்பர் 9 அன்று பாராளுமன்றத்தில் ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் கிரிக்கெட் சபைக்கு எதிராக ஒரே குரலில் நின்றன. அங்கே அபூர்வமான காட்சி. மறுநாளே ஐ.சி.சி. இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. மாத முடிவுக்குள் அமைச்சர் பதவி இழந்தார்.

அதற்குள், இலங்கையில் நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணமும் கைநழுவிவிட்டது. பந்து தேயிலைச் சரிவில் உருண்டு போனால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தேடும் பூனாகலைப் பையன், பண்டாரவளையில் ரயிலேறி கொழும்பில் இறங்கினால் தன் வயதுப் பையன்கள் நாட்டுக்காக ஆடுவதைக் கண்ணால் பார்த்திருப்பான். 2024 ஜனவரி 28 அன்று இடைநிறுத்தம் நீக்கப்பட்டபோது, அந்தப் போட்டி தென்னாபிரிக்காவில் பாதி நடந்திருந்தது.