ரெப்போ விகிதமும் தங்கவயலும்



2023 ஜூலையில் கோலார் சந்தையில் பதினைந்து கிலோ தக்காளிப் பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டியது. அம்மாதம் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதம். செப்டம்பரில் அதே சந்தையில் விலை அடியோடு சரிந்தது. பணவீக்கமும் ஐந்து சதவீதத்தை ஒட்டி இறங்கியது. ஏறியபோதும் இறங்கியபோதும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 6.5 சதவீதமாகவே இருந்தது. விலையை ஏற்றியவை பருவநிலையும் பயிர்நோயும். இறக்கியது அடுத்த சாகுபடியின் வரத்து. வட்டிக்கு அதில் பங்கில்லை.

ஆயினும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் பணவீக்கத்தை 4 சதவீதத்தில் நிறுத்தும் பொறுப்பை ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழுவிடம் ஒப்படைத்தது. குழுவின் கையிலுள்ள முதன்மைக் கருவி, வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியாகிய ரெப்போ. 2022 மே மாதத்தில் 4 சதவீதமாக இருந்த அதனைப் பத்தே மாதங்களில் 6.5 ஆக்கினர். வட்டி உயர்ந்தால் கடன் சுருங்கும், முதலீடு தள்ளிப்போகும், வேலை குறையும், கூலி கேட்கும் குரல் தாழும், வாங்குவோர் கை சுருங்குவதால் விலை தணியும். மருந்து வேலை செய்யும் வழி இதுவே. அப்போது கணக்கிடப்பட்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் ஏறத்தாழ 46 சதவீத எடை உணவுப் பொருள்களுக்கு உரியது. அவற்றின் விலையைக் கட்டுப்படுத்தக் கொள்முதலும் கிடங்கும் ரேஷன் கடையும் வேண்டும். பணவீக்கம் பொருட்படுத்தத் தகாதது என்பதல்ல வாதம். கூலியை நம்பி வாழ்பவரையே அது முதலில் தாக்குகிறது. அதைத் தணிக்கும் செலவும் அவர் தலையில் ஏன் விழ வேண்டும் என்பதே கேள்வி.

வட்டி ஒரு தொழிலையே எவ்வாறு நெரிக்கும் என்பதற்குச் சான்று, கோலாரிலிருந்து சிறிது தொலைவில் சாம்பியன் ரீஃபில், மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் நீர் நிறைந்து கிடக்கிறது.

தங்கம் வட்டி ஈட்டாது. பணவீக்கம் வட்டியை விஞ்சும்போது பணம் படைத்தோர் தங்கத்திற்கு ஓடுவர். வட்டி பணவீக்கத்தை விஞ்சும்போது அதைக் கைவிடுவர். 1971 ஆகஸ்டில் டாலருக்கும் தங்கத்திற்கும் இருந்த பிணைப்பை நிக்சன் அறுத்தபோது அவுன்சின் அதிகாரபூர்வ விலை 35 டாலர். 1980 ஜனவரியில் சந்தை விலை 850. அப்போது அமெரிக்க ஃபெடரல் ரிசர்வின் தலைவர் பால் வோல்க்கர் வட்டியை ஏறத்தாழ 20 சதவீதம் வரை போகவிட்டார். பணவீக்கம் தணிந்தது, 1982 இறுதியில் அங்கே பத்தில் ஒரு தொழிலாளிக்கு மேல் வேலையிழந்து நின்றார். அதே ஆண்டு மெக்சிகோ கடனைக் கட்ட இயலாதென்று அறிவித்தது. தங்கம் 300 டாலருக்குக் கீழே வந்தது. 1999இல் அது 250 டாலரை ஒட்டி நின்றது.

தங்கவயலின் நட்டக் கணக்கை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். தாதுவில் தங்கம் குறைந்ததும், ஆழம் கூடக் கூடச் செலவு ஏறியதும் உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வருவாய்ப் பக்கத்தை எழுதியவர்கள் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களல்லர். 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கிய பின், இங்கே எடுத்த தங்கம் பன்னாட்டு நிதியத்தின் அதிகாரபூர்வ விலைக்கே நடுவண் அரசுக்குப் போயிற்று. அன்று அது பத்து கிராமுக்கு 53 ரூபாய் 58 காசு. உள்நாட்டுச் சந்தையில் ஏறத்தாழ இரு மடங்கு. பாதி விலைக்கு வாங்கிவிட்டு ‘நட்டம்’ என்று எழுதுவது என்ன கணக்கு?

1991இல் அந்நியச் செலாவணி வறண்டபோது ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தது. நாட்டின் மானம் காத்தது தங்கமே. மறு ஆண்டே பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் நலிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. 2001 பிப்ரவரி 28 அன்று, உலகச் சந்தையில் தங்கம் 270 டாலருக்கும் கீழே கிடந்த நேரத்தில், அது மூடப்பட்டது.

2025 அக்டோபரில் அவுன்சு 4,000 டாலரைத் தாண்டியது. சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளோ விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் தினக்கூலிக்கும் காவல் வேலைக்கும் போகின்றனர். வீட்டில் எஞ்சிய ஒரு சவரன் ராபர்ட்சன்பேட்டை அடகுக் கடைக்குப் போகிறது. ரெப்போ குறைந்தால் அடகு வட்டி உடனே இறங்குவதில்லை. ஏறும்போது மட்டும் தாமதமில்லை.

2024 ஜூனில், பதின்மூன்று சயனைடு மேடுகளில் மிஞ்சிய தங்கத்தை எடுக்கும் நடுவண் அரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. விலை விழுந்தது என்று மூடியவர்கள், விலை ஏறியதும் மேட்டைத் தேடி வருகின்றனர். அந்த மண்ணைக் குவித்தவர்களின் குடும்பங்களுக்கு அங்கே முதல் வேலை எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும். அவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பட்டா தரப்பட வேண்டும். ஏலம் பேசப்படும் முன்னரே இக்கோரிக்கைகள் மேசைக்குப் போக வேண்டும், தோழர்களே.