காலைத் தொட்டுப் பார்க்கும் உறவு

(அண்டைத் தோட்டத்து நீரிழிவுக்காரர்கள், தோட்ட மண்டபமொன்றில் கூடியிருந்த தொழிலாளர்களிடையே நிகழ்த்திய உரை.)



நாங்கள் மருத்துவர்கள் அல்லோம். மருந்தகத்தில் பணிபுரிவோரும் அல்லோம். உங்களைப் போன்றே விடியுமுன் உளியெடுத்து நிரைக்குச் செல்வோரும், அவ்வாறு சென்று இப்போது ஓய்ந்திருப்போரும் ஆவோம். ஒன்பதின்மர் வந்திருக்கிறோம், ஒன்பதின்மருக்கும் நீரிழிவு உண்டு. வீட்டிலே இதனை 'இனிப்பு நீர்' என்கிறோம். மலாய் நண்பர்கள் 'கென்சிங் மானிஸ்' என்பர். பெயரில் இனிப்பு இருப்பதனாலோ என்னவோ, இதனை எளிய நோயென்று எண்ணி எங்களில் பலர் பல ஆண்டுகளை வீணாக்கினோம்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, இந்நாட்டில் பதினெட்டு வயது நிரம்பியவர்களில் நூற்றுக்குப் பதினெண்மருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. 2023ஆம் ஆண்டின் ஆய்வில் அது நூற்றுக்கு 15.6 ஆக இருந்தது. இந்திய சமூகத்தாரிடையே இவ்விகிதம் மற்றவர்களைக் காட்டிலும் மிகுதி. இந்த மண்டபத்தில் ஒருவரையொருவர் திரும்பிப் பாருங்கள். தனக்கு இருப்பது தெரிந்தவர் சிலர் இருப்பர். தெரியாதவரும் இருப்பர்.

"மரம் சீவுகிறவன் நாளெல்லாம் நடக்கிறான், வியர்வை சிந்துகிறான், அவனுக்கு ஏது இந்த நோய்?" என்று எங்கள் தோட்டத்திலும் சொல்லிக்கொண்டிருந்தோம். நடப்பது நன்றுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பரம்பரையில் வருவதை நடை மட்டும் தடுத்துவிடாது. தவிரவும், நிரையிலிருந்து திரும்பியபின் நாம் உண்ணும் சோற்றின் அளவையும், ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை பால் டின் தேநீர் என்பதையும் கணக்கெடுத்தால், காலையில் நடந்த நடை மதியத்திற்குள் கரைந்துவிடுவது புலப்படும். உளியைக் கீழே வைத்து ஓய்வு பெற்றவர்களின் கதை இன்னும் மோசம். நடை நின்றுவிடுகிறது, தட்டுச் சோறு மட்டும் குறைவதில்லை.

நோயின் இயல்பைச் சுருங்கக் கூறுவோம். உண்ட உணவு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அதை உடம்பின் தசைகளுக்குள் புகுத்துவது கணையம் சுரக்கும் இன்சுலின். அது போதாமற்போனாலோ, இருந்தும் சரிவர வேலை செய்யாமற்போனாலோ சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கி, நாளடைவில் கண், சிறுநீரகம், நரம்பு, காலின் இரத்தக் குழாய் ஆகியவற்றைக் கெடுக்கிறது. நம் பாட்டனார்கள் கப்பலேறி வந்து காடழித்து இரப்பர் நட்ட காலத்தில், இளம்பருவத்தில் இந்நோய் கண்ட பிள்ளையைப் பிழைக்கவைக்க வழியே இருந்ததில்லை. கனடா நாட்டின் டொரொண்டோ நகரில் 1921இல் இன்சுலின் கண்டறியப்பட்டது. 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அதை முதன்முதலாகச் செலுத்தினர், அவன் பிழைத்தான். ஊசி என்றதும் "இனி முடிந்தது" என்று அழுகின்ற தாய்மார்களுக்கு இச்செய்தியை நாங்கள் தவறாமல் சொல்வதுண்டு. ஊசி முடிவுக்கு அடையாளமன்று.

நாங்கள் ஒன்றுசேர்ந்தது ஒரு விபத்தினால்தான். எங்களுள் ஒரு தங்கை, நல்ல உழைப்பாளி, ஒரு நாள் விடியற்காலை மாத்திரையை விழுங்கிவிட்டு, பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஒன்றும் உண்ணாமல் புறப்பட்டுவிட்டாள். பத்து மரங்கூடச் சீவியிரார். கை நடுங்கிற்று, உடல் வியர்த்தது, பேச்சுக் குழறிற்று. பக்கத்து நிரையிலிருந்தவர் முதலில் எண்ணியது, நேற்றிரவு ஏதோ குடித்திருக்கிறாள் என்பது. பெண்பிள்ளையை அப்படி எண்ணியதற்காக அவர் இன்றுவரை வெட்கப்படுகிறார். இதோ, இவ்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். அவள் விழுந்தபின் மண்டோர் ஓடிவந்து, தம் சட்டைப் பையில் இருந்த மிட்டாயை எடுத்து வாயில் திணிக்க முயன்றார். நல்லெண்ணந்தான். ஆனால் நினைவிழந்தவர் வாயில் எதையும் இடலாகாது, மூச்சுக்குழலில் சென்று அடைக்கும் என்பதை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை. நல்லவேளையாக, அவளுக்கு அரைகுறை நினைவு இருந்தது. தானே சுவைத்து விழுங்கினாள்.

அன்று மாலையே நாங்கள் ஐவர் கோயில் திண்ணையில் அமர்ந்து பேசினோம். அதுவரை ஒருவருக்கு இருப்பது மற்றவருக்குத் தெரியாது. ஒரே லயத்தில் சுவருக்குச் சுவர் வாழ்ந்துகொண்டு, ஒரே மாத்திரையை மறைத்து மறைத்து விழுங்கிக்கொண்டிருந்தோம்! மகளுக்கு வரன் வராது என்று ஒருவர் மறைத்தார். வேலையிலிருந்து நிறுத்திவிடுவர் என்று ஒருவர் மறைத்தார். மருந்தகத்தில் எல்லோர் முன்னிலையிலும் "சோற்றைக் குறைக்க முடியவில்லையா உன்னால்?" என்று ஒரு பணியாளர் அதட்டியதனால், அங்குப் போவதையே ஓராண்டாக நிறுத்திவிட்டு, அதையும் வீட்டாரிடம் மறைத்தவர் ஒருவர்.

அத்திண்ணையில் முடிவு செய்தவை சிலவே. நிரைக்குச் செல்லும் நீரிழிவுக்காரர் எவரும் வெறும் வயிற்றோடு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டு புறப்படலாகாது. ஒவ்வொருவர் பையிலும் சிறு பொட்டலத்தில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை இருக்கவேண்டும். நடுக்கமும் வியர்வையும் கண்டால் அதை நீரிற் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து, குறையவில்லையெனில் மீண்டும் ஒரு முறை குடித்து, அதன்பின் இரண்டு ரொட்டித் துண்டோ பிஸ்கட்டோ உண்ணவேண்டும். பக்கத்து நிரைக்காரருக்கு இது தெரிந்திருக்கவேண்டும். நினைவிழந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் ஒன்றும் இடாமல், 999ஐ அழைக்கவேண்டும். இவ்வளவுதான். இதற்கு மறைக்காமலிருத்தல் வேண்டும், அதுதான் கடினமாயிருந்தது.

இனி ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் எங்களோடு வரவில்லை. சொல்லிக்கொள்ளுங்கள் என்று அனுமதி தந்திருக்கிறார். எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தீமிதித்தவர். ஓராண்டு பூக்குழியிலிருந்து இறங்கியவர், கண்ணீர் மல்க எங்களிடம், "இந்த வருஷம் சூடே தெரியல தம்பி. தாய் என்னை ஏந்திக்கிட்டா" என்றார். நாங்களும் கைகூப்பினோம். நான்கு நாள் கழித்து அவர் மனைவியார்தாம் பாயில் கறை கண்டு காலைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். உள்ளங்காலில் இரண்டு பெரிய கொப்புளங்கள் உடைந்து சீழ் வைத்திருந்தன. அவருக்கு வலியே இல்லை.

வலி இல்லாததுதான் நோய். சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தமையால் காலின் நரம்பு உணர்விழந்திருந்தது. மருத்துவமனையில் இரண்டு விரல்களை எடுத்தனர், கால் தப்பியது.

அவரிடம் இதை யார் சொல்வது? தாய் தந்த அருளென்று அவர் நெஞ்சில் வைத்திருந்ததை நரம்புக் கோளாறு என்று எந்த வாயால் சொல்வது? நாங்கள் மூன்று முறை அவர் வீட்டுக்குப் போய், வாழைக்கன்றைப் பற்றியும் பேரப்பிள்ளையைப் பற்றியும் பேசிவிட்டுத் திரும்பிவிட்டோம். நான்காம் முறை அவரே பேச்சை எடுத்தார். "டாக்டர் சொன்னதெல்லாம் எனக்குப் புரிஞ்சிச்சு. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அடுத்த வருஷம் என்ன செய்யறதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். பூசாரியார் நல்லவர். நேர்த்திக்கடனை மாற்றித் தருவதில் குற்றமில்லை என்று கூறி, பால்குடமாக மாற்றித் தந்தார். வெயிலேறுமுன், நிழலில், காலுறை அணிந்து அப்பெரியவர் பால்குடம் எடுத்தார். காலுறையோடு சந்நிதிக்கு வருவதா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. முணுமுணுத்தவர்களில் ஒருவருக்கு இப்போது நீரிழிவு. அவரும் எங்களோடு மருந்தகத்துக்கு வருகிறார். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

தைப்பூசத்தில் வெறுங்காலோடு நண்பகல் தார்ச்சாலையில் நடப்போருக்கும் இதே ஆபத்து உண்டு என்பதை இங்கே நினைவூட்டுகிறோம். நோன்பிருப்போர் மாத்திரையின் அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளவேண்டும்; தாமாகவே நிறுத்தலாகாது.

ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு ஒரு செய்தி. திறக்காத இன்சுலின் குளிர்ப்பெட்டியில் இருக்கவேண்டும், உறைபெட்டியில் அன்று. உறைந்துபோனால் அது பயன்படாது. பயன்படுத்தும் குப்பியை வெயிலும் வெப்பமும் படாமல் ஏறத்தாழ நான்கு வாரம் வெளியில் வைத்துக்கொள்ளலாம். எங்களில் குளிர்ப்பெட்டி இல்லாத பாட்டி ஒருவர், பெரிய மண்சட்டியில் மணலிட்டு நீர் தெளித்து, அதனுள் சிறு சட்டியை வைத்து, அதில் குப்பியை வைக்கிறார். மேலே ஈரத்துணி. திறக்காத குப்பிகளை அடுத்த வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்கிறார். அவ்வீட்டு மருமகள், மீன் வைக்க இடமில்லையென்றாலும் அப்பெட்டியை நகர்த்துவதில்லை.

உணவைப் பற்றி மிகுதியாகப் பேசப்போவதில்லை. அதைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கும் சலித்திருக்கும். சோற்றைக் கைவிட வேண்டுவதில்லை. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு மீனோ பருப்போ, கால் பங்கு சோறு என்பது நாங்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. கடையில் தேநீர் கேட்கும்போது "கோசோங்" என்று சொல்லப் பழகினோம். முதல் வாரம் கசந்தது. உறவினர் வீட்டில் "ஒரு லட்டுதானே, ஒண்ணும் ஆகாது" என்று அன்போடு வற்புறுத்துகிறவர்களை என்ன செய்வது என்பதற்கு மட்டும் எங்களிடம் இன்னும் நல்ல விடை இல்லை. இருவராகச் சென்றால் ஒருவர் மற்றவருக்காக மறுத்துப் பேசலாம்; அது சற்று எளிது.

வேனில் வந்து "மூன்று மாதத்தில் முற்றிலும் நீங்கும்" என்று மருந்து விற்பவர்களிடம் எங்களில் நால்வர் பணம் இழந்திருக்கிறோம். பாகற்காய்ச் சாறு குடிப்பதை நாங்கள் தடுப்பதில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடிப்பதைத் தடுக்கிறோம். 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் முத்திரைச் சீட்டும் இல்லாத மருந்தை வாங்காதீர்கள். பெயரளவில் மூலிகையாக விற்கப்படும் சிலவற்றில் அறிவிக்கப்படாத மருந்துகள் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது.

எங்களில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரம் மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருக்கிறார். பெர்கேசோ என்னும் சொக்சோவில் சந்தா செலுத்தியவர் என்பதால், தகுதி பார்த்து அச்செலவை அந்நிறுவனம் ஏற்றுக்கொண்டது. விண்ணப்பத் தாள்களை நிரப்பியது கிராணியார். கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் முறைபோட்டு நாங்கள் செய்கிறோம். நாள் முழுதும் எவ்வளவு நீர் பருகலாம் என்பதற்கும் அவருக்கு அளவு உண்டு. ஆகவே அவர் வந்து அமர்ந்தால் எவரும் இளநீர் வெட்டுவதில்லை. அவர் எதிரில் நாங்களும் குடிப்பதில்லை. அவர் அதைக் கவனித்து ஒரு நாள் கோபித்துக்கொண்டார், "என்னைப் பிணமாகப் பார்க்காதீங்க, குடிங்கடா" என்று. அதிலிருந்து குடிக்கிறோம்.

ஒவ்வொரு மாதமும் மருந்தக நாளில் இரண்டு வண்டிகளில் சேர்ந்து செல்கிறோம். அரசாங்க மருந்தகத்தில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான்; எங்களுக்குச் சுமையாயிருந்தது வண்டிச் செலவும், இழக்கும் அரைநாள் கூலியும். நால்வராகச் சென்றால் வண்டிச் செலவு நான்கில் ஒரு பங்கு. மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கைக் காட்டும் இரத்தச் சோதனை, ஆண்டுக்கொரு முறை கண் சோதனை, சிறுநீர்ச் சோதனை ஆகியவை எப்போது யாருக்கு என்பதை ஒரு பழைய பள்ளிக்கூடப் புத்தகத்தில் தங்கை எழுதிவைக்கிறாள். ஆம், நிரையில் விழுந்த அதே தங்கைதான். மருந்தகத்தில் அதட்டப்பட்டவரும் அவள் துணையோடு மீண்டும் செல்லத் தொடங்கினார்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாங்கள் செய்யும் ஒன்றைச் சொல்லி அமர்கிறோம். தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது எளிதன்று. வயிறு தடுக்கும், கண் மங்கும். ஆகவே இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் காலை ஒருவர் பார்க்கிறோம். விரலிடுக்கில் வெடிப்பு, ஆணி, கொப்புளம், நிறமாற்றம், செருப்புக்குள் சிக்கிய ஒட்டுப்பால் துணுக்கு, எதுவாயினும் சொல்லிவிடுகிறோம். தொடக்கத்தில் இது நடக்கவில்லை. வயதில் மூத்தவர் இளையவரிடம் காலை நீட்டக் கூசினார். இளையவர் மூத்தவர் காலைத் தொட்டால் ஆசீர்வாதம் கேட்பதுபோல் ஆகி, எல்லோரும் சிரித்துவிட்டோம். பெண்கள் தனியாக, ஆண்கள் தனியாக அமர்ந்தபின் கூச்சம் குறைந்தது. விரல் இழந்த பெரியவர்தாம் முதன்முதலில் தம் காலை நடுவில் நீட்டி, "இதைப் பாருங்க, அப்புறம் வெக்கப்படுங்க" என்றார்.

ஒரு கைக்கண்ணாடியும் இரண்டு துண்டும் கொண்டுவந்திருக்கிறோம். செருப்பைக் கழற்றிவிட்டு இப்பக்கம் வாருங்கள். முதலில் எங்கள் கால்களை நீங்கள் பாருங்கள்.